பழைய புல்லட்டில் பேட்டரி நிற்கவில்லையா? சார்ஜ் பழுதைக் கண்டறியும் முறை

விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் புறப்படும் நேரத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்பாமல் போனால் அந்த வேளைப் பால் தங்கிவிடும். இரவில் பம்புசெட் மோட்டார் போட வயலுக்குப் போகும்போது நடுவழியில் என்ஜின் விக்கி நின்றால் இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். பழைய வண்டி வைத்திருக்கும் உழவர்களுக்கு இந்த இரண்டு அனுபவமும் புதிதல்ல. இதற்குப் பெரும்பாலோர் செய்யும் பரிகாரம் புதுப் பேட்டரி வாங்கிப் போடுவது. அது சில வாரம் ஓடும். பிறகு பழைய கதையே திரும்பும்.

பேட்டரி இறங்குவது பல சமயங்களில் நோயல்ல, நோயின் அறிகுறியே. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறிய சார்ஜ் எங்கோ கசிகிறது, அல்லது ஏறுவதைவிடச் செலவு அதிகம். இம்மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் பேட்டரி மாற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம். வரிசையாகச் சோதித்தால் ஒரு மணி நேரத்தில் காரணம் பிடிபட்டுவிடும்.

சென்னையில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் தயாரித்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350 வண்டிகள் இன்றும் கிராமங்களில் ஓடுகின்றன. அந்த வண்டியை வைத்தே இங்கு விளக்கம் தரப்படுகிறது. ஆல்டர்னேட்டர் உள்ள மற்ற பழைய வண்டிகளுக்கும் பெரும்பாலான சோதனைகள் பொருந்தும். டயனமோ உள்ள பழைய ஜாவா, எஸ்டி வண்டிகளின் அமைப்பு வேறு. அவற்றுக்குப் பேட்டரி, ஒயர், கசிவு ஆகிய சோதனைகள் மட்டுமே பொருந்தும்.

மின்சாரம் வரும் வழி

கிணறு, பம்பு, தொட்டி, வாய்க்கால் ஆகியவற்றை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு எளிதில் விளங்கும்.

என்ஜினின் இடப்பக்கம், கிளச் செயின் ஓடும் பெட்டிக்குள் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. கிராங்க் தண்டின் முனையில் காந்தமுள்ள ரோட்டார் சுழலும். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் கம்பிச் சுருள்களுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். இதுவே கிணறும் பம்பும். இங்கு உண்டாவது ஏ.சி. எனப்படும் மாறுமின்னோட்டம்.

பேட்டரி ஏற்றுக்கொள்வது டி.சி. எனப்படும் நேர்மின்னோட்டம் மட்டுமே. மாறுமின்னோட்டத்தை நேராக்குவது ரெக்டிபயர். பம்புசெட்டின் புட்வால்வு போல, ஒரு பக்கம் போக விடும், திரும்பி வர விடாது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறாமல் தடுப்பது ரெகுலேட்டர். பிந்திய 12 வோல்ட் வண்டிகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். மிகப் பழைய 6 வோல்ட் வண்டிகள் சிலவற்றில் ரெகுலேட்டரே கிடையாது. விளக்கு சுவிட்சைத் திருப்பும்போது கூடுதல் சுருள்கள் சேர்ந்து சார்ஜைக் கூட்டும். அவ்வகை வண்டியில் சுவிட்சில் களிம்பு பிடித்தாலும் சார்ஜ் குறையும்.

பேட்டரிதான் தொட்டி. அதிலிருந்து பிளாட்டினம் பாயின்ட், இக்னிஷன் காயில், ஹாரன், பிரேக் விளக்கு ஆகியவற்றுக்கு மின்சாரம் போகிறது. பாயின்ட் உள்ள வண்டியில் பேட்டரி அறவே இறங்கினால் பிளக்கில் நெருப்பு வராது. உதைத்து உதைத்துக் கால் வலிப்பதுதான் மிச்சம்.

முகப்பு விளக்கு எங்கிருந்து எரிகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பி, விளக்கு சுவிட்சைப் போட்டுப் பார்க்கவும். விளக்கு எரிந்தால் பேட்டரியிலிருந்து வருகிறது. எரியாமல், என்ஜின் ஓடும்போது மட்டும் எரிந்து, ஆக்சிலேட்டர் கூட்டினால் பிரகாசமானால், நேராக ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. இரண்டாம் வகை வண்டியில் முகப்பு விளக்கு நன்றாக எரிந்து, பேட்டரி மட்டும் இறங்கினால், ரோட்டார் காந்தம் நலமாக உள்ளது என்று பொருள். பழுது சார்ஜ் சுருளிலோ ரெக்டிபயரிலோ ஒயரிலோ இருக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அம்மீட்டர் சொல்லும் சேதி

முகப்பு விளக்குக் கூட்டில் உள்ள சிறிய அம்மீட்டர் வரவு செலவுக் கணக்குப் போன்றது. ஒரு பக்கம் முள் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து செலவு, மறுபக்கம் சாய்ந்தால் பேட்டரிக்கு வரவு. பல கை மாறிய வண்டிகளில் அம்மீட்டர் ஒயர்களை இடம் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். எனவே என்ஜினை நிறுத்திச் சாவியைத் திருப்பி, பிரேக்கை அழுத்திப் பார்க்கவும். முள் எந்தப் பக்கம் போகிறதோ அது செலவுப் பக்கம்.

சாவி போட்டு, என்ஜின் ஓடாத நிலையில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால், பாயின்ட் மூடும்போது 12 வோல்ட் வண்டியில் முள் சுமார் 3 ஆம்பியர் செலவு காட்டும். திறக்கும்போது நடுவுக்கு வரும். எப்போதும் நடுவிலேயே நின்றால் பாயின்ட் அழுக்கடைந்துள்ளது, அல்லது ஒயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது பேட்டரி அறவே இறங்கியிருக்கிறது.

வண்டி கிளம்பிய சிறிது நேரம் முள் வரவுப் பக்கம் சாய்ந்து, பிறகு மெல்ல நடுவுக்கு வந்து நிற்கும். இதைக் கண்டு சார்ஜ் ஏறவில்லை என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். தொட்டி நிறைந்ததும் வரத்து குறைவது இயல்பே. நல்ல ரெகுலேட்டர் உள்ள வண்டியில் முள் நடுவை ஒட்டி நிற்பது நலமான அடையாளம். ஓடும் வேகத்திலும் முள் தொடர்ந்து செலவுப் பக்கமே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வேண்டிய கருவிகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று, 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்பு ஒன்று, ஸ்பேனர், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், கிரீஸ் ஆகியவை போதும். திரவ ஆசிட் பேட்டரியானால் ஹைட்ராமீட்டர் இருந்தால் நல்லது. பேட்டரிக் கடையில் கேட்டால் அளந்து தருவார்கள்.

முதற்படி: பேட்டரி

மற்ற எல்லாச் சோதனைக்கும் முன் பேட்டரியை வெளியே எடுத்து முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு சோதித்தால் எல்லா அளவும் தவறாகவே வரும். சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நலம். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். லாரி பேட்டரிகளுடன் சேர்த்து மாட்டி வேகமாக ஏற்றினால் சிறிய பேட்டரியின் தகடுகள் வளைந்து கெடும்.

சார்ஜ் ஏற்றியபின் சில மணி நேரம் ஆற விட்டு அளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. 10.5 அருகிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம். 6 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 6.3 முதல் 6.4 வரை காட்டும்.

ஹைட்ராமீட்டரில் எல்லா அறைகளும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். நம் வெப்ப நாட்டில் முழுச் சார்ஜில் 1.240 முதல் 1.260 வரை இருக்கும். ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் 0.050-க்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தப் பேட்டரியைக் காப்பாற்றுவது கடினம்.

அடுத்து, ஹாரனை அடித்துக்கொண்டே மீட்டரைப் பார்க்கவும். 11 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது. மீட்டரில் 12.6 காட்டிவிட்டு வேலை கொடுத்ததும் விழுந்துவிடும் பேட்டரிகள் உண்டு. வெறும் அளவை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

திரவம் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் போர் நீரும் ஆகா, அவற்றின் உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றினால் பலம் கூடும் என்பது தவறான எண்ணம்.

இரண்டாம் படி: சார்ஜ் ஏறுகிறதா?

நிறைந்த பேட்டரியை மாட்டி, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் நேராகப் பிடிக்கவும். என்ஜினைக் கிளப்பி, டாப் கியரில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கேட்கும் அளவுக்கு ஆக்சிலேட்டரைக் கூட்டவும். மூன்று விதமான விடை கிடைக்கும்.

12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5 வரை ஏறி அங்கேயே நின்றால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. குறை வேறிடத்தில். நேராகக் கசிவுச் சோதனைக்குப் போகலாம். 6 வோல்ட் வண்டியில் இது சுமார் 7 வோல்ட்.

12.6-லிருந்து ஏறாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. ஒயர், ஸ்டேட்டர், ரெக்டிபயர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரி நீர் விரைவில் வற்றுதல், ஆசிட் பொங்கிச் சட்டத்தில் வெள்ளையாகப் பூத்தல், பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நிலையில் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் வெந்துபோகும்.

மூன்றாம் படி: ஒயரும் எர்த்தும்

சார்ஜ் வரவில்லை என்றவுடன் செயின் பெட்டியைக் கழற்றத் தொடங்குவது வீண் வேலை. காசில்லாமல் முடியும் இடங்களை முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரி முனைகளிலும் பியூஸ் கூட்டிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் வெந்நீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே கிரீஸ் தடவவும். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றும் வண்டிகளில் இது மிக அவசியம். உரத்துகள் ஈரத்துடன் சேர்ந்து செம்பு, பித்தளைப் பாகங்களை அரிக்கும். மூட்டை ஏற்றிய அன்றே பேட்டரிப் பெட்டிப் பக்கத்தைத் துடைத்துவிடுவது நல்ல வழக்கம்.

பேட்டரியின் எர்த் ஒயர் சட்டத்தில் பூட்டப்பட்ட இடத்தில் பெயின்டும் துருவும் இருந்தால் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டும். ரெகுலேட்டர் பெட்டி பூட்டிய இடத்தையும் அவ்வாறே செய்யவும். பல ரெகுலேட்டர்கள் தம் உடல் வழியாகவே எர்த் பெறுகின்றன. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தபின் சார்ஜ் நின்றுபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளே அறுந்திருக்கும், வெளித்தோல் மட்டும் நன்றாக இருக்கும். என்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இருபுறமும் திருப்பி அம்மீட்டர் முள் துள்ளுகிறதா என்று பார்க்கவும். அம்மீட்டரின் பின்புற நட்டுகள் தளர்ந்திருப்பதும் சாதாரணம். தானியக் கிடங்கிலும் வைக்கோல் கொட்டகையிலும் நிற்கும் வண்டியில் சீட்டுக்கு அடியில் எலி கடித்த ஒயர்களைத் தேட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறையை மீட்டர் காட்டும். என்ஜின் முன்சொன்ன வேகத்தில் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெக்டிபயரின் நேர்முனையிலும் மற்றதைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. வாய்க்காலில் மண் மேடிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாததைப் போன்றதே இது. எர்த் பக்கமும் இவ்வாறே பார்க்கலாம்.

ஒயரின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. முப்பது நாற்பது ஆண்டு ஓடிய வண்டியில் கிடைத்த நிறத்தில் ஒயர் மாற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தடவிப் பார்ப்பதே முறை.

நான்காம் படி: ஆல்டர்னேட்டர்

செயின் பெட்டியிலிருந்து வெளிவரும் ஸ்டேட்டர் ஒயர்களை இணைப்பிலிருந்து கழற்றவும். ரெக்டிபயருக்குப் போகும் இரண்டு ஒயர்களே சார்ஜ் சுருளின் முனைகள். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து இரண்டிலும் பிடித்து என்ஜினைக் கிளப்பவும். வேகம் கூடக் கூட வோல்ட்டும் சீராக ஏற வேண்டும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் நடுத்தர வேகத்தில் 20 வோல்ட்டை எளிதில் கடக்கும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். சீராக ஏறுகிறதா என்பதே முக்கியம்.

வோல்ட் வந்தால் மட்டும் போதாது, வேலை செய்யும் பலமும் வேண்டும். 12 வோல்ட் 35 வாட் பல்பை அந்த இரு ஒயர்களுக்கிடையே மாட்டி மெதுவாக வேகம் கூட்டவும். நல்ல ஒளியுடன் எரிந்தால் ஆல்டர்னேட்டர் நலம். அளவு மீறி முடுக்கினால் பல்பு உடனே பியூஸ் ஆகிவிடும். மீட்டரில் வோல்ட் காட்டி, பல்பு மினுக் மினுக் என்று மட்டும் எரிந்தால், சுருளில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், அல்லது காந்தம் பலம் குன்றியிருக்கலாம்.

அறவே ஒன்றும் வராவிட்டால் என்ஜினை நிறுத்தி, மீட்டரை ஓம் அளவில் வைத்து அதே இரு ஒயர்களைப் பார்க்கவும். ஒரு ஓம் அளவுக்குக் காட்டினால் சுருள் தொடர்கிறது. தொடர்பே இல்லையென்றால் அறுந்துவிட்டது. பிறகு ஓர் ஒயரையும் என்ஜின் உடலையும் சேர்த்துப் பார்க்கவும். சார்ஜ் சுருளுக்கும் உடலுக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. முகப்பு விளக்குக்கெனத் தனிச் சுருள் உள்ள வண்டியில் அதன் ஒரு முனை உடலோடு சேர்க்கப்பட்டிருக்கலாம், அது பழுதல்ல.

ஸ்டேட்டரில் குறை உறுதியான பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். எண்ணெயைத் தட்டில் வடித்து, இடப்பக்கக் கால்மிதியையும் பிரேக் மிதியையும் கழற்றினால், பெட்டி மூடி நடுவிலுள்ள ஒரே நட்டில் நிற்பது தெரியும். உள்ளே மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்டேட்டர் ஒயர் செயினில் உரசி அறுந்திருக்கிறதா? ரோட்டார் நட்டு தளர்ந்திருக்கிறதா? ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் ஒரே சீரான இடைவெளி இருக்கிறதா? இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் உரசிய பளபளப்பு தெரிந்தால் ஸ்டேட்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது. தளர்ந்த ரோட்டார் டொக் டொக் என்று தட்டும். அதைக் கனெக்டிங் ராடு சத்தம் என்று தவறாக எண்ணி என்ஜினையே பிரித்துவிடுவதும் உண்டு.

ஐந்தாம் படி: ரெக்டிபயரும் ரெகுலேட்டரும்

ஆல்டர்னேட்டர் நலமாக இருந்து பேட்டரிக்கு ஏறவில்லையென்றால் மிஞ்சுவது இதுவே.

தனி ரெக்டிபயரானால் நான்கு முனைகள் இருக்கும். இரண்டு ஏ.சி., ஒன்று நேர்முனை, ஒன்று எதிர்முனை. எல்லா ஒயரையும் கழற்றி மீட்டரை டயோடு சோதனையில் வைக்கவும். சிவப்பு முனையை ஓர் ஏ.சி. முனையிலும் கறுப்பை நேர்முனையிலும் வைத்தால் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. மற்றொரு ஏ.சி. முனைக்கும் இதே சோதனை. பிறகு சிவப்பை எதிர்முனையில் வைத்து, கறுப்பை ஒவ்வோர் ஏ.சி. முனையிலும் வைத்து, முனை மாற்றியும் பார்க்கவும். இரு பக்கமும் போக விடும் டயோடு வெந்துவிட்டது. எந்தப் பக்கமும் விடாதது அறுந்துவிட்டது.

நான்கில் ஒன்று அறுந்தாலும் வரத்து பாதியாகும். நெடுந்தூரம் ஓடினால் பேட்டரி தேறும், ஊருக்குள் ஓடினால் இறங்கும். இதனாலேயே பலர் இக்குறையைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறார்கள்.

பழைய 6 வோல்ட் வண்டிகளில் சதுரத் தகடுகளை அடுக்கிய செலினியம் ரெக்டிபயர் இருக்கும். இது வயதாக ஆகப் பலம் குன்றும். மீட்டரின் டயோடு சோதனை இதற்குப் பொருந்தாது, பேட்டரியையும் டெஸ்ட் லாம்பையும் தொடராக வைத்துப் பார்க்கலாம். இதற்குப் பதிலாக 25 அல்லது 35 ஆம்பியர் சிலிக்கன் பிரிட்ஜ் ரெக்டிபயரை, சூடு பரவும்படி உலோகத் தகட்டில் இறுகப் பூட்டிப் பயன்படுத்தலாம். விலை குறைவு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். சார்ஜ் பழைய அளவைவிடக் கூடும் என்பதால், மாற்றியபின் பேட்டரி வோல்ட்டை அளந்து பார்ப்பது அவசியம்.

இரண்டும் ஒன்றான பெட்டியை இம்முறையில் முழுமையாகச் சோதிக்க முடியாது. மற்ற எல்லாம் சரி என்று தெரிந்தபின், அதே வகையான நல்ல வண்டியிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி.

கசிவைக் கண்டுபிடித்தல்

சார்ஜ் சரியாக ஏறியும் இரவு நிறுத்திய வண்டி காலையில் கிளம்பவில்லையென்றால் கசிவு இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் இடையே டெஸ்ட் லாம்பை மாட்டவும். எரிந்தால் பெரிய கசிவு. எரியாவிட்டால் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பார்க்கவும். பழைய வண்டியில் கடிகாரமோ அலாரமோ கிடையாது. எனவே அளவு பூஜ்யமாகவே இருக்க வேண்டும். மீட்டர் இவ்வாறு மாட்டியிருக்கும்போது சாவி போடுவதோ ஹாரன் அடிப்பதோ கூடாது.

கசிவு தெரிந்தால் ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றவும். எதைக் கழற்றியதும் அளவு பூஜ்யமாகிறதோ அதுவே குற்றவாளி. ஒட்டிக்கொண்ட பிரேக் சுவிட்ச், தோல் உரிந்த ஹாரன் ஒயர், பிறகு சேர்த்த செல்போன் சார்ஜர் ஆகியவை வழக்கமானவை. சாவியைத் தாண்டாமல் பேட்டரியுடன் நேராக இணைந்த ரெக்டிபயரில் டயோடுகள் வெந்தாலும் இரவெல்லாம் மின்சாரம் பின்னோக்கிக் கசியலாம். தேய்ந்த புட்வால்வில் தண்ணீர் கிணற்றுக்கே இறங்குவதைப் போன்றது அது.

வரவும் செலவும்

பழுதே இல்லாமலும் பேட்டரி இறங்கலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் விளக்கு 1.75 ஆம்பியர் எடுக்கும். 35 வாட் முகப்பு விளக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர். அதை 55 வாட் ஆலஜனாக மாற்றினால் 4.6 ஆம்பியர். இக்னிஷன் காயில் தனி.

பால் எடுத்து வீடு வீடாக நின்று நின்று போகும் வண்டியின் என்ஜின் பெரும்பாலும் மெதுவாகவே ஓடுகிறது. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரின் வரத்து மிகக் குறைவு. பிரேக் மிதியின் சுவிட்ச் சற்று நகர்ந்து பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், அந்தச் செலவே 5 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று மணி நேரத்தில் காலியாக்கப் போதும். இரவில் வண்டியின் பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும், சுவிட்சைத் திருகிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

செலவைக் குறைக்க எல்.இ.டி. பல்பு போடலாம். ஆனால் முகப்பு விளக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக எரியும் வண்டியில் ஏ.சி.க்கு ஏற்ற பல்புதானா என்று கேட்டு வாங்க வேண்டும். மற்றவை துடித்துத் துடித்து எரிந்து விரைவில் கெடும்.

செய்யக்கூடாதவை

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அருகில் பீடி, தீக்குச்சி, தீப்பொறி கூடாது. ஆசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தொடர்ந்து கழுவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தரையிலோ சட்டத்திலோ சிந்தினால் சமையல் சோடாவைத் தூவிக் கழுவலாம்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சார்ஜ் வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மின்னழுத்தம் திடீரென உயர்ந்து ரெகுலேட்டரும் பல்புகளும் போய்விடும்.

கேன் மாட்டும் கேரியருக்கு ஆர்க் வெல்டிங் வைக்கும்முன் பேட்டரியின் இரு ஒயரையும், ரெகுலேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

பேட்டரியை முனை மாற்றி மாட்டினால் டயோடுகள் நொடியில் வெந்துபோகும். இங்கிலாந்தில் தயாரான பழைய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே எர்த். மாட்டுமுன் எந்த முனை சட்டத்தில் சேர்கிறது என்று பார்க்கவும். எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது பாதுகாப்பு.

பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றக்கூடாது. ஒயர் பற்றி எரிந்தால் மேலே இருப்பது பெட்ரோல் டாங்க்.

பழைய பேட்டரியை வயலிலோ கிணற்றோரத்திலோ போடக்கூடாது. அதிலுள்ள ஈயமும் ஆசிட்டும் மண்ணையும் நீரையும் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதை வலியுறுத்துகின்றன. கடையில் கொடுத்துவிட்டால் புதியதன் விலையில் ஒரு பகுதியும் குறையும்.

சுருக்கம்

முதலில் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றிச் சோதிக்கவும். என்ஜினை ஓட்டி வோல்ட் அளக்கவும். ஏறாவிட்டால் ஒயர், எர்த், ஸ்டேட்டர், ரெக்டிபயர் என்ற வரிசையில் பார்க்கவும். அளவு மீறி ஏறினால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பார்க்கவும். சரியாக ஏறியும் இறங்கினால் கசிவையும் செலவையும் பார்க்கவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்த பிறகே அடுத்ததற்குப் போகவும்.

மாதம் ஒருமுறை பேட்டரி நீர், முனைகள், எர்த், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்த்து, ஓடும் வேகத்தில் வோல்ட்டை அளந்து ஒரு நோட்டில் குறித்து வைப்பது நலம். 14.2 காட்டிய வண்டி அடுத்த மாதம் 13.1 காட்டினால், நடுவழியில் நிற்பதற்கு முன்பே பழுது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே கவனித்தால் பேட்டரிச் செலவும் மிஞ்சும், இருட்டில் வண்டியைத் தள்ளும் வேலையும் இராது.